தேயிலைத் தோட்டத்தில் மறைந்த குளவி: பீடைநாசினியின் விளைவை அளத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிற் பீடைநாசினி தெளிப்பதனை ‘மருந்தடித்தல்’ என்றே வழங்குவர். நஞ்சினை மருந்தெனக் கூறும் இவ்வழக்கினுள் ஒரு கருத்தமைதி பொதிந்துள்ளது. அதன்படி செடி நோயாளியாகவும் பூச்சி நோயாகவும் தெளிகருவி சுமப்பவர் வைத்தியராகவும் கொள்ளப்படுகின்றனர். பூச்சி மடிந்தால் வைத்தியம் பலித்ததாக அமைதி கொள்வர். மடிந்த பூச்சி எது, அது உயிரோடிருந்த காலத்தில் யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்னும் வினாக்கள் எழுவது அரிது. அவை எழுந்தாலும், விடை கூறுவதற்கு வேண்டிய கணக்கு யாரிடமும் இருப்பதில்லை.

இவ்வினாக்கள் இலங்கையில் ஒரு முறை தவிர்க்கமுடியாதவாறு எழுந்தன. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தேயிலைத் தோட்டங்களில் டீல்ட்ரின் என்னும் பீடைநாசினி ஒரு வண்டினை அழிக்கும் நோக்குடன் தெளிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, தெளிப்புக்கு இலக்காகாத வேறு புழுக்கள் பெருகின. பீடைநாசினி பயன்தரு பூச்சிகளை எவ்வாறு பாதிக்கின்றது என்பதற்கு உலகப் பூச்சியியல் நூல்கள் எடுத்துக்காட்டும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும். எனினும் அது நிகழ்ந்த மண்ணில் அதன் வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. அவ்வரலாற்றை எடுத்துரைத்து, இத்தகைய விளைவுகளை அளப்பதிலுள்ள இடர்ப்பாடுகளை அதன் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எதனை எண்ணுகின்றோம் என்பதே எதனைக் காண்கின்றோம் என்பதைத் தீர்மானிக்கின்றது என்பது எமது வாதம்.

இரண்டு பீடைகள்

பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் வரலாறு ஒரு வகையிற் பீடைகளின் வரலாறுமாகும். கோப்பி செழித்திருந்த காலத்திலேயே தோட்டக்காரரான நீட்னர் கோப்பிச் செடியின் எதிரிகள் குறித்து 1861இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் தேயிலைக்குப் பெருந்தொல்லையாக அமைந்த இலைசுருட்டிப் புழுவுக்கு ‘ஹொமோனா கொஃபியாரியா’ என்னும் பெயர் அவர் வழியாகவே வந்தது. கோப்பியின் பெயர் தாங்கிய புழு தேயிலையின் எதிரியானமை, ஒரு தனிப்பயிரின் இடத்தில் இன்னொரு தனிப்பயிர் வந்தமர்ந்த வரலாற்றினைச் சுருங்கக் கூறுகின்றது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை, கோப்பி விட்டுச்சென்ற மலைச்சரிவுகளையெல்லாம் நிரப்பிற்று.

காடழித்து ஒரே செடியை மலை மலையாக நாட்டியபோது, அச்செடியை உண்ணும் பூச்சிக்கு எல்லையற்ற விருந்து கிடைத்தது. 1892இல் நாவலப்பிட்டியைச் சார்ந்த கிரேக்ஹெட் தோட்டத்திலே தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் சிறு வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. தோட்டங்களில் ‘ஷொட் ஹோல் போறர்’ என்று ஆங்கிலப் பெயராலேயே அறியப்படும் இத்துளைவண்டு, குறிப்பாகக் கண்டி சார்ந்த நடுத்தர உயரப் பிரதேசத்தைத் தன் உறைவிடமாக்கிக் கொண்டது. பெண் வண்டு கிளையைக் குடைந்து உட்செல்கின்றது. தான் சுமந்துவரும் பூஞ்சணத்தை அக்குடைவின் சுவரில் வளர்த்து, அதனையே தனக்கும் தன் குஞ்சுகளுக்கும் உணவாக்குகின்றது. அப்பூஞ்சணத்தைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் ஆகியோர் 1947இல் விவரித்துப் பெயரிட்டனர். குடைவுண்ட கிளைகள் கொழுந்து பறிக்கும்போதும் கவ்வாத்தின்போதும் முறிந்து வீழ்கின்றன. மரத்தின் உள்ளே வாழும் இவ்வண்டைக் கையாற் பொறுக்குதல் இயலாது.

இலைசுருட்டிப் புழுவின் வாழ்க்கை வேறு விதமானது. தாய் அந்து இலையின் மேற்பரப்பில், செதில்கள் ஒன்றன்மேலொன்று படிந்தாற்போன்ற முட்டைத் திரள்களை இடும். வெளிவரும் புழு இலைகளை நூலாற் பிணைத்துக் கூடமைத்து, அதனுள் மறைந்திருந்து உண்ணும். இலையே விளைபொருளாகவுள்ள பயிரில் இதன் சேதம் நேரடியானது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பதின்மங்களில் இதற்கெதிரான முக்கிய நடவடிக்கை முட்டைத் திரள்களைத் தொழிலாளரைக் கொண்டு பொறுக்குவித்தலாகும். மலையகத்துப் பூச்சியியலின் முதல் அளவைக் கருவி தோட்டத் தொழிலாளியின் கண்ணும் விரலுமே என்பதை நாம் மறத்தலாகாது.

யாவாவிலிருந்து வந்த விருந்தாளி

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்ட பின்னர் இப்பிரச்சினை வேறு கோணத்தில் அணுகப்பட்டது. யாவாத் தீவிலும் இதே இலைசுருட்டிப் புழு இருந்தது. ஆனால் அங்கே மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்னும் சிறு குளவி அதன் உடலினுள் முட்டையிட்டது. குளவியின் இளவுயிரி புழுவை உள்ளிருந்தே உண்டு வளர்ந்தது. 1935-36இல் இக்குளவி யாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அது நிலைபெற்றுப் பரவிற்று. இலைசுருட்டிப் புழுவின் தொல்லை பெருமளவு தணிந்தது.

இவ்வெற்றியின் தன்மையைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். குளவிக்குச் சம்பளமில்லை, அதனை ஆண்டுதோறும் கொள்வனவு செய்யவேண்டியதில்லை. ஆகவே தோட்டத்தின் செலவுக் கணக்கில் அதற்கென ஒரு வரி எழுதப்படவில்லை. அதன் உழைப்பின் பயனோ நிகழாதுபோன ஒரு சேதமாகும். நிகழாததை எந்தப் பதிவேட்டிலும் குறிப்பதில்லை. புழு குறைந்தபோது அதனை எண்ணும் வழக்கமும் குறைவது இயல்பே. ஒரு பயன்தரு பூச்சி தன் பணியை எவ்வளவு செவ்வனே செய்கின்றதோ அவ்வளவுக்கு அது கண்ணிலிருந்து மறைகின்றது. அடுத்து வந்த பிழைக்கு இம்மறைவே வழி வகுத்தது எனலாம்.

டீல்ட்ரினும் அதன் பின்விளைவும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டீ.டீ.டி.யும் அதன் இனமான குளோரினேற்றிய சேதன நஞ்சுகளும் உலகெங்கும் பரவின. நெடுங்காலம் சிதையாது நிற்பதே இவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது. துளைவண்டுக்கு எதிராக டீல்ட்ரின் தெரிவு செய்யப்பட்டதற்கும் இதுவே காரணம். வண்டு குடைவினுள் இருக்கும்போது தெளிப்பு அதனைத் தீண்டாது. புதிய பெண் வண்டு வெளிவந்து இன்னொரு கிளையைத் துளைக்கும் வேளையிலேயே அது பட்டையின் மேற்பரப்பிற்கு வருகின்றது. எனவே பட்டைமீது வாரக்கணக்கில் நின்று கொல்லும் நஞ்சொன்று வேண்டியிருந்தது.

அந்நஞ்சுப் படலத்தின்மீது துளைவண்டு மாத்திரம் நடக்கவில்லை. புழுவைத் தேடி இலை இலையாக அலையும் குளவியும் அதே மேற்பரப்பில் நடந்தது. இலைசுருட்டிப் புழுவோ தான் பிணைத்த இலைக்கூட்டினுள் ஒதுங்கியிருந்தது. துளைவண்டு மரத்தினுள்ளும் புழு கூட்டினுள்ளும் புகலிடம் பெற, யாதொரு புகலிடமுமின்றி வெளியில் உலவியது குளவி ஒன்றே. நஞ்சு அனைத்துயிர்க்கும் பொதுவெனினும், அதன் வாய்ப்பட நேர்வது ஒவ்வோர் உயிரின் வாழ்க்கை முறையைப் பொறுத்தது. தேடித்திரிவதே தொழிலாகக் கொண்ட உயிரினமே முதலில் மடிகின்றது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. டீல்ட்ரின் தெளித்த தோட்டங்களில், இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியலாளர்கள் இத்தொடர்பினை உணர்ந்தனர். தேயிலைப் பீடைகள் குறித்து 1966இல் கிரன்ஹாம் எழுதிய சருவதேச மதிப்பாய்வின் வழியாக இலங்கையின் அனுபவம் உலக அறிவின் பகுதியாயிற்று. சுள்ளி போல் அசையாது நின்று ஏமாற்றும் ‘எக்ட்ரோபிஸ்’ என்னும் இன்னொரு புழுவின் பெருக்கத்தையும் அதன் காரணங்களையும் தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இருவரும் ஆராய்ந்து, 1969இற் பிரயோகச் சூழலியற் சஞ்சிகையில் வெளியிட்டனர். இங்கும் டீல்ட்ரின் தெளிப்பும் இயற்கை எதிரிகளின் அழிவுமே குற்றவாளிக் கூண்டில் நின்றன. சிங்களப் பெயரொன்றும் தமிழ்ப் பெயரொன்றும் அருகருகே நிற்கும் அவ்வாய்வு, இந்நாட்டு விஞ்ஞானிகள் தம் மண்ணின் பிரச்சினையைத் தாமே அளந்து கூறியதற்குச் சான்றாகும். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் வெளிவந்து மேலைநாடுகளை உலுக்கிய அதே பதின்மத்தில், மலையகத்திலும் அதே உண்மை ஆரவாரமின்றி நிறுவப்பட்டது.

அளத்தலின் இடர்ப்பாடுகள்

மேற்கூறிய வரலாற்றைக் கேட்போர், ‘மருந்தடித்தனர், குளவி மடிந்தது, புழு பெருகிற்று’ எனச் சுருக்கிக்கொள்ளலாம். ஆயின் ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை மாத்திரம் காரண காரியத் தொடர்பை நிறுவாது. மழை, வறட்சி, கவ்வாத்துச் சுற்று ஆகிய பலவும் பூச்சித் தொகையைக் கூட்டிக் குறைக்கும். அளத்தல் ஏன் கடினமானது என்பதனை இனி நோக்குவோம்.

முதலாவது இடர்ப்பாடு ஒப்பீட்டைப் பற்றியது. தெளிக்காத இடத்திலும் பூச்சிகள் இயல்பாக மடிகின்றன. அவ்வியல்பு மரணத்தைக் கழித்தற்கு அபொட் 1925இல் ஒரு சூத்திரம் தந்தார். தெளிப்பதற்கு முன்னரே இரு நிலத்துண்டுகளிலும் தொகை வேறுபட்டிருக்கக்கூடும் என்பதையும் ஹென்டர்சன், டில்டன் ஆகியோர் 1955இற் கணக்கில் எடுத்தனர். கற்பனையான எண்களைக் கொண்டு இதனை விளக்கலாம். தெளித்த துண்டில் 50 குளவிகள் இருந்து 10 ஆகவும், தெளிக்காத துண்டில் 50 இருந்து 40 ஆகவும் குறைந்தன என்க. தெளித்த துண்டை மாத்திரம் நோக்கின் 80 சதவீதம் மடிந்ததாகத் தோன்றும். ஆயினும் தெளிக்காதிருந்தாலும் 40 குளவிகளே எஞ்சியிருக்கும். அந்த 40இல் 10 தப்பியமையால் தெளிப்பினால் நேர்ந்த அழிவு 75 சதவீதமாகும். தெளிக்காத துண்டு இல்லையெனில் இக்கணக்கே இல்லை.

இரண்டாவது இடர்ப்பாடு, எதனை எண்ணுவது என்பது. குளவியின் பணியை மதிப்பிடுவோர் புழுக்களைச் சேகரித்து, அறுத்தோ வளர்த்தோ பார்த்து, ஒட்டுண்ணி கொண்டவை நூற்றுக்கு எத்தனை எனக் கூறுவர். இந்த வீதம் ஏமாற்றவல்லது. மீண்டும் கற்பனை எண்களைக் கொள்வோம். ஒரு பரப்பில் 100 புழுக்களுள் 60இல் ஒட்டுண்ணி இருந்து, தெளிப்பின் பின் 10 புழுக்களும் அவற்றுள் 6இல் ஒட்டுண்ணியும் எஞ்சினால், வீதம் முன்போலவே 60 ஆக நிற்கும். அறிக்கை எழுதுபவர் ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிடுவார். உண்மையிலோ குளவியின் அடுத்த தலைமுறை பத்திலொன்றாகச் சுருங்கிவிட்டது. ஆகவே வீதத்துடன் குறித்த பரப்பிலுள்ள மொத்தத் தொகையும் வேண்டும். ஒரு நாளின் எண்ணிக்கையுடன் அடுத்து வரும் தலைமுறைகளின் எண்ணிக்கையும் வேண்டும்.

மூன்றாவது, இடத்தின் அளவு. சிறிய துண்டொன்றிற் குளவிகள் மடிந்தால் அயலிலிருந்து வேறு குளவிகள் பறந்து வந்து நிரப்பும். அதனால் ஆய்வுத் துண்டில் தீங்கற்றதாகத் தோன்றிய நஞ்சு, முழு மலையிலும் தெளிக்கப்படுகையிற் பேரழிவாகலாம். வந்து நிரப்பும் அயல் அங்கே இல்லை.

இவ்விடர்களை உணர்ந்தே, உயிரியற் கட்டுப்பாட்டுக்கான சருவதேச அமைப்பின் செயற்குழுவொன்று 1974 முதல் படிமுறைச் சோதனைகளை வகுத்தது. ஆய்வுகூடத்தில் முதலிலும், பின்னர் அரைக்கள நிலையிலும், இறுதியில் வயலிலும் சோதிப்பது அதன் முறை. ஆய்வுகூடத்தில் 30 சதவீதத்துக்குக் குறைவாகக் கொல்வது தீங்கற்றது; 99 சதவீதத்துக்கு மேற் கொல்வது தீங்கானது; இடைப்பட்டவை இரு படிகளாக வகுக்கப்படும். பயனுள்ள ஒழுங்குதான். எனினும் ஓர் உயிரினம் உயிரோடிருப்பதும் தன் பணியைச் செய்வதும் ஒன்றல்ல. நஞ்சிலிருந்து தப்பிய குளவி புழுவைத் தேடும் திறனை இழந்திருக்கலாம், முட்டையிடாது போகலாம்.

அறியாமற் செய்த சோதனை

அளத்தலுக்கு இன்னொரு வழியும் உண்டு. கலிபோர்னியாவிற் பணியாற்றிய டீபாக் என்னும் பூச்சியியலாளர் 1940களில் ஒரு தலைகீழ் முறையைக் கையாண்டார். இயற்கை எதிரிகளின் மதிப்பை அறிய அவற்றை வேண்டுமென்றே அகற்றிப் பார்ப்பதே அம்முறை. தெரிவுசெய்த சில மரங்களில் மாத்திரம், பீடையைவிட அதன் எதிரிகளையே கூடுதலாகக் கொல்லும் வகையில் டீ.டீ.டி. தெளிக்கப்பட்டது. அம்மரங்களிற் பீடை எவ்வளவு பெருகியதோ அதுவே எதிரிகள் அதுகாறும் ஆற்றிவந்த பணியின் அளவாயிற்று. அதே மாநிலத்தில் 1888-89இல் ஒஸ்ரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோடம்பழத் தோட்டங்களைக் காத்த வெடாலியா வண்டு, 1940களில் டீ.டீ.டி.யினால் அழிந்தபோது பழைய செதிற்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

இலங்கைத் தோட்டங்களில் நிகழ்ந்ததும் தன்மையில் இதுவே. டீபாக் சில மரங்களில் அறிந்து செய்ததை, இங்கே மலை மலையாக அறியாமற் செய்தனர். 1936 முதல் எந்தக் கணக்கிலும் இடம்பெறாத குளவியின் உழைப்பு, குளவி மடிந்த பின்னரே முதன்முறையாகப் புழுக்களின் எண்ணிக்கையாகக் கணக்கில் ஏறியது. இதனை விஞ்ஞானத்தின் வெற்றி என்று மாத்திரம் கொள்வது பொருந்தாது. அழித்த பின் அளப்பது மிகவும் விலையுயர்ந்த அளவை முறையாகும்.

நெல்வயலிலும் இதே பாடம் மீண்டும் கற்கப்பட்டது. ஆசியாவெங்கும் 1970களிற் கபிலத் தத்தி பெருகியபோது, சிலந்திகளையும் தத்தியின் முட்டை உண்ணும் மூட்டுப்பூச்சிகளையும் தெளிப்பு அழித்தமையே முக்கிய காரணமெனக் கள ஆய்வுகள் காட்டின. 1986இல் இந்தோனேசியா 57 பீடைநாசினிகளை நெற்செய்கையில் தடைசெய்தது. ஓர் அரசு பூச்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கொள்கை வகுத்த அரிய சந்தர்ப்பம் அது. இலங்கை விவசாயத் திணைக்களமும் 1980களில் நெல்லுக்கான ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்தை மேற்கொண்டது.

எண்ணப்படாத இன்னொரு தரப்பு

இவ்வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக விடும் ஒரு பக்கத்தைச் சுட்டாது இக்கட்டுரையை முடித்தல் முறையாகாது. முட்டைத் திரள்களைப் பொறுக்கிய கைகளும் டீல்ட்ரினைச் சுமந்து தெளித்த தோள்களும் மலையகத் தமிழ்த் தொழிலாளருடையவை. கொழுந்து பறிக்கும் பெண், இலைக்கூடு கட்டிய புழுவை நாள்தோறும் காண்பவள். எந்த மலையில் எப்போது புழு பெருகிற்று என்பதை எந்த ஆய்வாளருக்கும் முன்னர் அறிபவள். அவளது அவதானம் அளவைக் கணக்கில் ஏறவில்லை. அவள் உடலிற் சேர்ந்த நஞ்சும் ஏறவில்லை. அந்தப் பதின்மத்தில் அவர்களும் எண்ணப்பட்டனர் என்பது உண்மையே. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடுவதற்காக எண்ணுவதும் காப்பதற்காக எண்ணுவதும் வேறு வேறாகும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி, பீடைநாசினிகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு பேராதனையை மையமாகக் கொண்ட பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. டீல்ட்ரின் 2001இன் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் தடைப்பட்டியலில் முதலாவது தொகுதியிலேயே இடம்பெற்றது. ஆகவே அந்த நஞ்சின் கதை முடிந்தது எனலாம். அக்கதை எழுப்பிய வினா முடியவில்லை.

முடிவுரை

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது; அவ்வாண்டு நவம்பரிலேயே அதனை விலக்கிக்கொண்டது. தடையை ஆதரித்தோர் இயற்கையின் பெயராலும் எதிர்த்தோர் விளைச்சலின் பெயராலும் பேசினர். ஒரு மலையிலோ வயலிலோ எத்தனை குளவிகளும் சிலந்திகளும் உள்ளன, தெளிப்பு நின்றால் அவை எத்தனை பருவங்களில் மீளும் என்ற எண்கள் அவ்விவாதத்தின் நடுவே வைக்கப்படவில்லை. தெளிக்கும் பழக்கம் எவ்வாறு கணக்கின்றித் தொடங்கிற்றோ, அவ்வாறே அதனை நிறுத்தும் ஆணையும் கணக்கின்றிப் பிறந்தது. இடைக்காலத்தில் துன்புற்றவர் சிறு விவசாயிகளும் தோட்டத் தொழிலாளருமே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று தேவைகள் புலனாகின்றன. முதலாவது, பிரதேசந்தோறும் தெளிக்காத நிலத்துண்டுகள் நிரந்தரமாகப் பேணப்படல் வேண்டும்; ஒப்பிடுதற்குரிய நிலமே எல்லா அளவைக்கும் அடித்தளம். இரண்டாவது, பீடைகளை மாத்திரமன்றி அவற்றின் எதிரிகளையும் ஆண்டுதோறும் எண்ணிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வெண்ணிக்கையில் நிலத்தில் நிற்போர் பங்காளராதல் வேண்டும்; கேள்விப் படிவமும் விடையும் அவர்கள் மொழியில் அமைதல் வேண்டும். ஹந்தானை மலைச்சரிவிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், அதன் அடிவாரத்திலே பல்கலைக்கழகமும், மகாவலிக்கு அக்கரையிற் கன்னொறுவை விவசாய ஆய்வு நிலையங்களும் அமைந்துள்ள இப்பிரதேசத்தில் இப்பணிக்கு வேண்டிய அறிவாற்றலுக்குக் குறைவில்லை.

1936இல் வந்து நிலைத்த குளவியை 1960களில் இழந்த பின்னரே அதன் பெறுமதியை அறிந்தோம். இன்று எம் வயல்களிலும் தோட்டங்களிலும் பெயரறியப்படாது உழைத்துக்கொண்டிருக்கும் பூச்சிகள் பல. அவற்றையும் இழந்த பின்னரே எண்ணப்போகின்றோமா என்பதே இவ்வரலாறு எம்மிடம் கேட்கும் வினாவாகும்.